ஆயக்குடி முத்திரை

தரங்கம்பாடி
18.06.2024

அன்புள்ள மேகலைக்கு,

அண்ணி எழுதுவது. உன் அண்ணனும் நானும் கடல் காற்றில் கறுத்துப்போய், ஆனால் சுகமாக இருக்கிறோம். உன் முட்டி வலி தேவலையா? புதிய காது மெஷின் ஒத்துக்கொண்டதா, இல்லை பழையதைப் போல டிராயருக்குள் போய்விட்டதா?

போனில் பேசினால் உனக்குக் கேட்பதில்லை. வாட்ஸப்பில் எழுதினால் ‘சரி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய். “முப்பத்து மூணு வருஷம் கட்டுரை நோட்டு திருத்துனவ, தாள்ல எழுதினாத்தான் பதில் போடுவா” என்றார் உன் அண்ணன். அதனால் ஒரு குயர் தாளும் ஒரு கட்டுக் கவரும் வாங்கிவிட்டேன்.

நாங்கள் கிளம்பிய அன்று நீ மன்னார்புரத்துக்கு வரவில்லை. “அறுபது வயசுக்கு மேல யாராவது வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வேன்ல குடியிருப்பாங்களா அண்ணி?” என்று நீ கேட்டதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவே அதைத்தான் கேட்டது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் ரயில் பெட்டி பழுதுபார்த்தவருக்கு, ரிட்டயர் ஆனதும் ஊர் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. எனக்கும்தான். நான் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நீ வேனுக்குள் வந்து பார்க்காததால் சொல்கிறேன். பழைய டெம்போ டிராவலர். பின்னால் கட்டில், அதற்கடியில் அரிசி டப்பாக்கள். பக்கத்தில் ஒற்றை அடுப்பு, கை கழுவத் தொட்டி, மேலே சோலார் பலகை. நிறுத்துகிற இடத்திலெல்லாம் யாராவது கதவைத் தட்டி, “ரத்ததான வண்டியா?” என்று கேட்கிறார்கள். நேற்று ஒரு அம்மா பிரஷர் பார்க்கக் கையையே நீட்டிவிட்டார். சமையல்தான் எனக்குச் சரிப்படவில்லை. இருநூறு பிள்ளைகளுக்குச் சத்துணவு ஆக்கிய கை; இரண்டு பேருக்கு எவ்வளவு உப்பு என்று தெரியவில்லை.

மாதக் கடைசியில் வேதாரண்யம் தபால் நிலையத்துக்குப் போய் விசாரிப்போம். அங்கே பதில் போடு.

உன் அண்ணி,
கலைமதி

அண்ணன் எழுதுவது: உப்பு கூடத்தான் இருக்கிறது. மற்றபடி சௌக்கியம். – தமிழ்மணி

*

ஸ்ரீரங்கம், கீழ அடையவளஞ்சான் வீதி
26.06.2024

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நான் இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. திருத்தி வைத்திருக்கிறேன்.

காது மெஷின் டிராயரில்தான் இருக்கிறது. மன்னார்புரம் வீட்டில் குடிவந்தவர்கள் நல்ல மாதிரி. செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்கு நினைவிருக்கும். மாத்திரை தீர்ந்தால் ஊருக்கு ஊர் டாக்டர் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதையெல்லாம் யோசித்துத்தான் நான் சொன்னேன்.

வேறு விசேஷமில்லை. அடுத்து எங்கே?

இப்படிக்கு,
மணிமேகலை

*

கொடுமுடி
04.08.2024

அன்பு மேகலை,

இரண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறோம். நீ தனியாக இருக்கிறாய் என்பதுதான் இங்கே எங்கள் ஒரே கவலை. ராத்திரிச் சாப்பாட்டைப் பிஸ்கட்டோடு முடித்துக்கொள்ளாதே.

நேற்று ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக் கரையில் நின்றோம். என்ன தண்ணீர்! படித்துறையில் இறங்க விடவில்லை. மேலேயே நின்று பூவை விட்டோம். “இந்தத் தண்ணி நாளைக்கோ நாளான்னைக்கோ மேகலை ஊருக்குப் போயிடும். நம்மள விட இதுக்கு வேகம் அதிகம்” என்றார் உன் அண்ணன்.

எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டால்: ஐந்தரைக்கு எழுந்துவிடுவோம். அவர் தண்ணீர் பிடிக்க இடம் தேடிப் போவார், நான் அடுப்பு பற்றவைப்பேன். கோயிலோ சந்தையோ பார்த்துவிட்டுப் பத்து மணிக்குள் கிளம்பிவிடுவோம். மத்தியானம் மரத்தடி. துணியெல்லாம் வேனுக்குப் பின்னால் கயிற்றில். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் நாங்கள் பேசாததையெல்லாம் இந்த இரண்டு மாதத்தில் பேசிவிட்டோம். சண்டையும் சேர்த்துத்தான். வேனில் கோபித்துக்கொண்டு போக வேறு அறை இல்லை. முகத்தைத் திருப்பினால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஏதாவது நன்றாக இருக்கும், கோபம் மறந்துபோகும்.

அடுத்து பழனி. பிறகு தெற்கே கன்னியாகுமரி வரை.

கலைமதி

அண்ணன் எழுதுவது: தண்ணீர் மோட்டாரை நானே கழற்றி மாட்டினேன். கம்பெனிக்காரன் வந்து பார்க்க வேண்டும். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

*

கன்னியாகுமரி
29.09.2024

அன்பு மேகலைக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நடுவில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். அலைச்சல்.

கன்னியாகுமரி நன்றாக இருக்கிறது. மூன்று கடலும் மூன்று நிறம். காலையில் சூரிய உதயம் பார்த்தோம். கூட்டம்.

பதிலை இங்கே போட வேண்டாம். பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் சுராயா என்று ஒருவர் சிநேகிதமானார். கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறார். கீழே அவர் விலாசம். அங்கே எழுதினால் எங்களுக்குச் சேர்ப்பித்துவிடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கலைமதி

*

ஸ்ரீரங்கம்
14.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாம் சௌகரியம். முட்டி வலி படி ஏறும்போது மட்டும்தான். உங்கள் அலைச்சல் குறைந்ததா?

எட்டு வாரம் கடிதம் இல்லை. பதற்றப்படவில்லை என்று எழுதினால் பொய். தபால்காரரைத் தினமும் மறித்துக் கேட்டதில், இப்போது என்னைக் கண்டால் அவர் எதிர்ச்சாரியில் போகிறார்.

நவராத்திரிக்குத் துணி எடுக்க மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போனேன். பருத்தியில் நல்ல நீலக்கட்டம் ஒன்று. உங்கள் வேன் ஜன்னல்களுக்குத் திரை தைக்கலாம் என்று தோன்றியது. நான் அந்த வேனை ஒத்துக்கொண்டுவிட்டதாக அர்த்தமில்லை. தெருவில் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பார்களே என்றுதான். ஜன்னல் அளவு எழுதுங்கள்.

கன்னியாகுமரியைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். கொடுமுடிக்கு ஒரு பக்கம் எழுதியவர் நீங்கள். அண்ணன் எப்போதும் அடியில் இரண்டு வரி எழுதுவார். இந்த முறை ஏன் இல்லை?

மேகலை

*

திருச்செந்தூர்
27.10.2024

அன்பு மேகலை,

சுகம். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. சளி பிடிக்கும் என்று சாக்குச் சொல்லாதே.

ஜன்னல் அளவு: நான்கு, ஒவ்வொன்றும் முப்பதுக்கு இருபது அங்குலம். உன் மனசு குளிர்ந்ததில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

இங்கே கடற்கரையில் வேனை நிறுத்தியிருக்கிறோம். அலைச் சத்தம். உன் அண்ணன் அசதியாகத் தூங்குகிறார், அதனால் எழுதவில்லை. அடுத்த முறை எழுதுவார்.

கலைமதி

*

ஸ்ரீரங்கம்
06.11.2024

அண்ணி,

நலம் விசாரித்து ஆரம்பிக்க இன்று மனம் வரவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

கன்னியாகுமரிக் கடிதத்தின் தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆயக்குடி. திருச்செந்தூர்க் கடிதத்தின் முத்திரையும் ஆயக்குடி. அலைச் சத்தம் கேட்கிற கொய்யாத் தோப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் லீவு லெட்டரில் அப்பா கையெழுத்தைத் தாங்களே போட்டுவந்தால், முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவேன். அதட்ட மாட்டேன். “உக்காரு. என்ன நடந்துச்சுன்னு சொல்லு” என்பேன்.

உட்காருங்கள் அண்ணி. என்ன நடந்தது? அண்ணன் உயிரோடு இருக்கிறாரா?

மேகலை

*

ஆயக்குடி
12.11.2024

மேகலை,

இருக்கிறார். நன்றாக இருக்கிறார். உன் கடைசி வரியைப் படித்ததும் உடனே தாளை எடுத்துவிட்டேன். உன்னை அப்படி நினைக்க வைத்தது என் தப்பு.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சாயங்காலம், ஆறு மணி இருக்கும். ஆயக்குடியை நெருங்கிக்கொண்டிருந்தோம். நல்ல வெளிச்சம். இடப்பக்கம் ஒரு பால்காரர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். நான் “ஏங்க, சைக்கிள்!” என்றேன். ஓட்டிக்கொண்டிருந்த உன் அண்ணன் “எங்க?” என்றார். அந்த ‘எங்க’ இன்னும் என் காதில் இருக்கிறது. பத்தடி தூரத்தில் ஒரு ஆள், இரண்டு கேன், ஒரு சைக்கிள். உன் அண்ணனுக்குத் தெரியவில்லை. வேன் உரசியது. பால்காரர் விழுந்துவிட்டார். தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. எதிரே தோப்பிலிருந்து சுராயா ஓடி வந்து, தன் லோடு வண்டியிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆறு வாரத்தில் அவர் மறுபடியும் பால் ஊற்ற வந்துவிட்டார். தினமும் எங்களுக்கும் அரை லிட்டர் ஊற்றுகிறார். உன் அண்ணன் இன்னும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

மறுநாள் கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் அழுத்தமாம், க்ளாக்கோமா என்றார்கள். “நேரா பாக்குறது நல்லாத்தான் இருக்கு. இடப்பக்கப் பார்வை போயிடுச்சு. போனது திரும்பாதுங்க. சொட்டு மருந்தை விடாமப் போட்டா இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். வண்டி மட்டும் இனிமே ஓட்டாதீங்க” என்றார் டாக்டர். உன் அண்ணன் சட்டைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

சுராயாதான் வேனை ஓட்டிக்கொண்டுவந்து தோப்புக்குள் விட்டாள். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறோம். தினமும் காலையில் அவர் முன் கண்ணாடியைத் துடைக்கிறார். துடைத்துவிட்டு, ஓட்டும் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

“மேகலைக்குச் சொல்லாதே. பொய்யும் எழுதாதே” என்றார். இரண்டையும் ஒன்றாகச் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. பொய்யை நானே எழுதினேன். அந்தத் தாளைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். அதனால்தான் அடியில் அவர் வரி இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொய்யாக் கூடைகளை ஏற்றிக்கொண்டு சுராயா தினமும் தானே வண்டியோட்டிச் சந்தைக்குப் போகிறாள். போன வாரம் என்னிடம், “ஏன்க்கா, நீங்க டிவிஎஸ்ல அரிசி மூட்டை வச்சு ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போனவங்கதானே? இதையும் ஓட்டுங்க. நான் கத்துத் தர்றேன்” என்றாள். அறுபத்தொரு வயதில் என்ன பேச்சு என்று சிரித்தேன். முந்தாநாள் தோப்புக்குள்ளேயே இருபதடி ஓட்டினேன். ஒரு கொய்யாக் கிளை போய்விட்டது.

நீ ‘வந்துவிடுங்கள்’ என்று எழுதினால் உன் அண்ணன் வந்துவிடுவார். எனக்குத் தெரியும். அதை மட்டும் கொஞ்ச நாள் எழுதாமல் இரு, மேகலை. இதுதான் நான் உன்னிடம் கேட்பது.

கலைமதி

*

ஸ்ரீரங்கம்
16.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலையில் குளிர். அண்ணன் காதுக்கு மப்ளர் கட்டிக்கொள்கிறாரா? நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா?

ஒரு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் கோபமென்று நீங்கள் நினைத்திருக்கலாம். கோபம் முதல் இரண்டு நாள்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ‘அப்பாடா, இனிமேல் வந்துவிடுவார்கள்.’ அண்ணனுக்குப் பார்வை போயிருக்கிறது, என் மனசு சந்தோஷப்பட்டது. நீங்கள் கிளம்பிய வாரமே மாடி அறைக்கு வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி வைத்துவிட்டேன். இது தோற்றுப்போகும், நேராக இங்கேதான் வருவார்கள் என்று ஆறு மாதமாகக் காத்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

‘வந்துவிடுங்கள்’ என்று எழுதவும் செய்தேன். தபால் பெட்டி வரை கொண்டுபோய்த் திரும்பினேன். மூன்று தடவை. நீங்கள் கேட்டுக்கொண்டதற்காக மட்டும் இல்லை. இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அதை நேராகச் சொல்லாமல், உங்கள் வேனைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன வாரம் புத்தூரில் ஒரு கண் டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். சொட்டு மருந்து ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. மூன்று மாதத்துக்கொரு முறை அழுத்தம் பார்க்க வேண்டும், எந்த ஊரானாலும் சரி. சர்க்கரை ஏறக் கூடாது. “கார்ல உக்காந்துட்டுப் போலாமா?” என்று கேட்டேன். “தாராளமா. ஊர் பாக்கட்டுமே” என்றார். ஊர் பார்க்கட்டுமே என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் அண்ணி. கிளட்சிலிருந்து காலைப் பட்டென்று எடுக்கக் கூடாதாம். பக்கத்து வீட்டு ரஞ்சனி சொன்னாள். திரைகள் தைத்து முடித்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன் எனக்கு ஒரு வரியாவது எழுத வேண்டும்.

மேகலை

*

ஆயக்குடி
03.01.2025

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. சொட்டு மருந்து இரண்டு வேளையும் போடுகிறேன். உன் அண்ணி அலாரம் வைத்திருக்கிறாள்.

திரைகள் கச்சிதம். நான்கையும் நானே கம்பி போட்டு மாட்டினேன்.

நடந்ததை உன்னிடம் சொல்லாததற்கு மன்னித்துக்கொள். நீ ‘அப்பவே சொன்னேனே’ என்பாய் என்று பயந்தேன். அதைவிட, அந்தப் பால்காரர் செத்துப்போயிருந்தால் என்ற நினைப்பு. யார் கேட்டாலும் அந்த இடத்துக்குத்தான் மனசு போயிற்று. முந்தாநாள் புது வருஷத்தன்று அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “சார், நாலு மாசமா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்க. எனக்கும் கஷ்டமா இருக்கு” என்றார். பேசினேன். ஒரு மணி நேரம் பேசினோம். அவருடைய சைக்கிள் செயின் தளர்ந்திருந்தது. சரி செய்து கொடுத்தேன்.

உன் அண்ணிக்கு எல்.எல்.ஆர். வந்துவிட்டது. ரோட்டில் ஓட்டுகிறாள். சுராயா பக்கத்தில், நான் பின்னால். அவள் பிரேக் போடும்போதெல்லாம் நானும் மிதிக்கிறேன். பின்சீட்டில் பிரேக் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் நான் பழுதுபார்த்த பெட்டியில் யாரோ போனார்கள், யாரோ ஓட்டினார்கள். அப்போது எனக்கு வருத்தமில்லையே, இப்போது ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்மணி

*

ஆயக்குடி
09.02.2025

என் அருமை மேகலை,

எங்கள் இருவருக்கும் உடம்பு, மனசு இரண்டும் திடமாக இருக்கின்றன. உனக்கு எப்படி?

முதல் டெஸ்டில் ஃபெயில். ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றிருந்த காலேஜ் பெண், “பரவால்ல பாட்டி, நானும் ரெண்டு தடவை ஃபெயில்” என்றாள். ஃபெயிலானதைவிட அந்தப் ‘பாட்டி’தான் குத்தியது. வேனுக்கு வந்து அழுதேன். உன் அண்ணன் சமாதானம் சொல்லவில்லை. தோப்பில் நான்கு குச்சி நட்டார். “வா. கண்ணாடியில பாரு. சுராயா மாதிரி அவசரப்படாத, நான் சொல்றப்போ திருப்பு” என்றார். ஒரு வாரம், காலையும் மாலையும். ஒரு நாள்கூடக் கத்தவில்லை. வெள்ளிக்கிழமை பாஸ் ஆகிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துவிட்டு, சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து, அந்தச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “போலாமா?” என்றார். நான் ஏறிச் சாவியைப் போட்டேன்.

மார்ச் எட்டாம் தேதி திருச்சிக்கு வருகிறோம். திண்டுக்கல், மணப்பாறை வழி. நான்தான் ஓட்டுகிறேன். மாடி அறை இருக்கிறது என்று எழுதினாய். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறோம். போவதற்குத்தான் வருகிறோம் என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன். இனி உன்னிடம் எதையும் மறைப்பதாக இல்லை.

உன் அண்ணி,
கலைமதி

*

ஸ்ரீரங்கம்
20.03.2025

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வாட்ஸப்பில் வந்தது. நான் சௌக்கியம். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. வழியில் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். அன்று நீங்கள் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள். நான் பத்தரைக்கே மாம்பழச்சாலையில் நின்றுவிட்டேன். காவிரிப் பாலத்திலிருந்து வேன் இறங்கி வந்ததைப் பார்த்தேன். பின்னால் நான்கு ஆட்டோ, ஒரு டவுன் பஸ். எல்லாரும் ஹாரன் அடித்திருப்பார்கள். எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி, யாருக்கும் பயப்படாமல் உங்கள் வேகத்திலேயே வந்தீர்கள். பக்கத்தில் அண்ணன் கையை வெளியே நீட்டிப் பின்னால் வருகிறவர்களுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். நான் கரும்புச்சாறுக் கடைக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உங்கள் எதிரில் வந்தேன். வெயில் என்று சொன்னேன். வெயில் இல்லை.

நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அண்ணனும் நானும் சாத்தார வீதிப் பக்கம் காய் வாங்கப் போனோம். அண்ணனுக்கு இடப்பக்கம் தெரியாது. எனக்குப் பின்னால் வரும் வண்டி கேட்காது. நான் அவருக்கு இடப்பக்கம் நடந்தேன். ஏதாவது வந்தால் அவர் என் முழங்கையைத் தொட்டார். தெருவைக் கடந்து, கத்தரிக்காய் வாங்கி, திரும்பியும் வந்துவிட்டோம். ஒரு ஆட்டோக்காரர்கூடத் திட்டவில்லை. வீட்டு வாசலில் அண்ணன், “நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள்” என்று சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை வருஷமாயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

நீங்கள் கிளம்பிய அன்று பஞ்சக்கரை ரோட்டில் வேனில் ஏறி, கொள்ளிடம் பாலம் வரை உங்களோடு வந்தேனே, அந்தப் பத்து நிமிஷம் முழுவதும் தரையில் காலை ஊன்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் கியர் மாற்றுவது உள்ளங்காலில் தெரிந்தது. இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த அதிர்வு இருந்தது.

ரஞ்சனியிடம் வீட்டுச் சாவி கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். அவள், “எத்தனை நாளைக்கு டீச்சர்?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். அப்படிச் சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது.

ஏப்ரல் ஐந்தாம் தேதி நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று எழுதுங்கள். பஸ் ஏறி வந்துவிடுகிறேன். ஒரு பைதான். எனக்குக் கீழே படுக்க இடம் போதும்.

மேகலை